அயர்லாந்து மூதாதையரைத் தேடுவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அயர்லாந்தில் தங்கள் முன்னோரைத் தேடத் தொடங்குபவர்கள் முதலில் கேள்விப்படுவது, அங்கே ஆவணங்கள் எல்லாம் எரிந்துபோய்விட்டன என்ற பேச்சைத்தான். இதில் பாதிதான் உண்மை. உள்நாட்டுப் போர் தொடங்கிய சில நாள்களில், 1922 ஜூன் 30 அன்று, டப்ளினின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் இருந்த பொது ஆவணக் காப்பகம் வெடிப்பிலும் தீயிலும் அழிந்தது. 1821 முதல் 1851 வரை எடுக்கப்பட்ட நான்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளின் பெரும்பகுதியும், அங்கே ஒப்படைக்கப்பட்டிருந்த ஆங்கிலிக்கன் திருச்சபைப் பதிவேடுகளும், மூல உயில்களும் அத்துடன் போயின. ஆனால் 1861, 1871 ஆண்டுகளின் கணக்கெடுப்புப் படிவங்களை அரசே தன் ஆணையால் அதற்கு வெகு முன்பே அழித்துவிட்டது. 1881, 1891 படிவங்கள் முதல் உலகப் போர்க் காலத்தில் காகிதக் கூழாக்கப்பட்டன. இந்த நான்குக்கும் அந்தத் தீக்கும் தொடர்பில்லை. கத்தோலிக்கப் பங்குகளின் (ஒரு கோவிலுக்கு உட்பட்ட சபைப் பகுதிகளின்) ஞானஸ்நான, திருமண ஏடுகள், 1864 முதலான பிறப்பு இறப்புப் பதிவுகள், கிரிஃபித் நில மதிப்பீடு, 1708இல் தொடங்கப்பட்ட பத்திரப் பதிவகம், 1901 மற்றும் 1911 கணக்கெடுப்புகள் ஆகியவை இன்றும் இருக்கின்றன. இவற்றில் பலவற்றை வீட்டிலிருந்தபடியே, காசு செலவழிக்காமல் பார்க்கலாம்.

தேடல் பாதியில் நின்றுபோவதற்கு எரிந்த ஏடுகளைவிட அடிக்கடி காரணமாவது வேறொன்று: ஊர் தெரியாமல், பெயரை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அயர்லாந்து ஆவணங்களுக்குள் இறங்குவது. கார்க் கவுண்டியில் ஜான் சல்லிவன் என்று தேடினால் வந்து குவியும் பெயர்களில் உங்கள் ஜான் யார் என்று எந்தக் கணினியும் சொல்லாது. ஆகவே இங்கே சொல்லப்படும் வழிமுறை, ஊரை முதலில் உறுதிசெய்து, பிறகு ஆவணங்களைத் திறக்கும் வரிசையில் அமைந்திருக்கிறது.

குடியேறிய நாட்டிலிருந்து தொடங்குதல்

அமெரிக்காவோ ஆஸ்திரேலியாவோ இங்கிலாந்தோ, முன்னோர் எங்கே போய்ச் சேர்ந்தாரோ அந்த நாட்டின் ஆவணங்களை முதலில் முழுமையாகத் துழாவ வேண்டும். அயர்லாந்தைவிட்டு வந்தவரின் சொந்த ஊர் அந்த நாட்டில்தான் எங்காவது ஒரு மூலையில் எழுதப்பட்டிருக்கும். அமெரிக்கக் கணக்கெடுப்புகள் பிறந்த இடம் என்ற கட்டத்தில் அயர்லாந்து என்று மட்டும் எழுதிவிட்டு நின்றுவிடும். 1906க்கு முந்தைய குடியுரிமை ஆவணங்களும் பெரும்பாலும் அப்படித்தான். அவ்வாண்டு செப்டம்பருக்குப் பிறகு வந்த படிவங்களில் பிறந்த ஊரும் தேதியும் கேட்கப்பட்டன. கல்லறைக் கல்வெட்டு, இரங்கல் குறிப்பு, கத்தோலிக்கக் கோவிலின் திருமண ஏடு, நியூயார்க்கில் குடியேறிகளுக்கென இயங்கிய எமிகிரன்ட் சேமிப்பு வங்கியின் கணக்கு ஏடுகள் ஆகியவை ஊர்ப்பெயர் கிடைக்கும் இடங்கள். பாஸ்டனில் வெளிவந்த பைலட் என்ற பத்திரிகை 1831 முதல் 1921 வரை, காணாமல்போன உறவினரைத் தேடி அயர்லாந்துக்காரர்கள் கொடுத்த விளம்பரங்களை வெளியிட்டது. அவற்றில் கவுண்டி, அதன் உட்பிரிவான பேரிஷ், சிற்றூர் வரை எழுதியிருப்பார்கள். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா, நியூ சவுத் வேல்ஸ் இறப்புச் சான்றுகளில் இறந்தவரின் பெற்றோர் பெயரும் இருப்பது பெரிய வரம்.

உங்கள் நேரடி முன்னோரைப் பற்றிய ஆவணத்தில் ஊர் இல்லையென்றால், அவருடைய அண்ணன் தம்பி, அக்கா தங்கை, ஒரே கப்பலில் வந்தவர், திருமணத்தில் சாட்சிக் கையெழுத்திட்டவர், பக்கத்து வீட்டுக்காரர் ஆகியோரைத் தேடுங்கள். ஒரே ஊரிலிருந்து வந்தவர்கள் ஒரே தெருவில் குடியேறியது சாதாரணம். தம்பியின் கல்லறையில் பொறித்த ஊர் அண்ணனுக்கும் சொந்த ஊர்தான்.

இந்தப் படியைத் தாண்டிப் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஆனி மூரின் கதை உண்டு. 1892 ஜனவரி 1 அன்று நியூயார்க்கின் எல்லிஸ் தீவுக் குடிவரவு நிலையம் திறக்கப்பட்டபோது முதல் ஆளாகப் பதிவானவர், கார்க்கிலிருந்து இரண்டு தம்பிகளுடன் வந்த அந்த இளம்பெண். அவர் டெக்சஸுக்குப் போய்விட்டார் என்று பல பத்தாண்டுகள் நம்பினார்கள். அந்த டெக்சஸ் குடும்பத்தாரை விழாக்களுக்கும் அழைத்தார்கள். 2006இல் மேகன் ஸ்மோலென்யாக் என்ற வம்சாவளி ஆய்வாளர், டெக்சஸ் ஆனி மூர் இலினாய் மாநிலத்தில் பிறந்தவர் என்பதையும், உண்மையான ஆனி நியூயார்க்கிலேயே திருமணம் செய்து வாழ்ந்து 1924இல் இறந்தவர் என்பதையும் ஆவணங்களோடு காட்டினார். பெயர் பொருந்தியதும் தேடலை நிறுத்திவிட்டதன் விளைவு அது.

நிலப்பிரிவுகளைப் புரிந்துகொள்ளுதல்

அயர்லாந்து நான்கு மாகாணங்களாகவும் 32 கவுண்டிகளாகவும் பிரிந்தது என்பது பலருக்குத் தெரியும். தேடலுக்கு வேண்டியது அதற்குக் கீழே உள்ள அடுக்குகள்: பாரனி, சிவில் பேரிஷ், கடைசியாக டவுன்லேண்ட். பெயரில் டவுன் இருந்தாலும் இது நகரம் அன்று. சில வீடுகளும் வயல்களும் கொண்ட மிகச் சிறிய நிலப்பிரிவு. நாடு முழுவதும் அறுபதாயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. கிராமத்து அயர்லாந்துக்காரருக்கு முகவரி என்பதே இதுதான். குத்தகை, வரி, ஞானஸ்நானம், இறப்பு எல்லாம் டவுன்லேண்ட் பெயரோடுதான் எழுதப்பட்டன.

இவற்றோடு குறுக்கே வெட்டிச் செல்லும் வேறு எல்லைகளும் உண்டு. 1838ஆம் ஆண்டின் ஏழைகள் நிவாரணச் சட்டத்தால் உருவான யூனியன் என்ற நிர்வாகப் பிரிவுகள் கவுண்டி எல்லைகளைப் பொருட்படுத்தவில்லை. பிறப்பு இறப்புப் பதிவு மாவட்டங்கள் அந்த யூனியன்களை அடியொற்றியே அமைந்ததால், ஒரு கவுண்டியில் வாழ்ந்தவரின் பதிவு பக்கத்துக் கவுண்டியிலுள்ள நகரத்தின் பெயரில் கிடைக்கும். கத்தோலிக்கப் பங்கும் சிவில் பேரிஷும் பெயரிலும் எல்லையிலும் பெரும்பாலும் வேறுபடுகின்றன. கையிலுள்ள ஊர்ப்பெயரை லொகனிம் (logainm.ie) என்ற அரசு ஊர்ப்பெயர்த் தரவுத்தளத்திலும் டவுன்லேண்ட்ஸ் தளத்திலும் போட்டு, அது எந்தச் சிவில் பேரிஷ், எந்த யூனியன், எந்தக் கத்தோலிக்கப் பங்கு என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளாமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது. பழைய பெயர்களும் வரும்: கிங்ஸ் கவுண்டி இன்றைய ஆஃபலி, குவீன்ஸ் கவுண்டி இன்றைய லீஷ், குவீன்ஸ்டவுன் இன்றைய கோவ்.

தமிழர் அனைவரும் அறிந்த ஒருவரையே எடுத்துக்கொள்வோம். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் தந்த ராபர்ட் கால்டுவெல் 1814இல் ஆன்ட்ரிம் கவுண்டியின் கிளேடி என்ற இடத்தில், ஸ்காட்லாந்து வழிவந்த பிரஸ்பிட்டேரியன் பெற்றோருக்குப் பிறந்தவர். கிளேடி என்ற பெயரில் டைரோன் கவுண்டியிலும் ஊர் உண்டு, லண்டன்டெரி கவுண்டியிலும் உண்டு. கவுண்டி தெரியாவிட்டால் தேடுபவர் தவறான கிளேடியில் மாதக்கணக்கில் சுற்றுவார். ஊர் தெரிந்த பிறகும், அவர் பிறந்தபோது அரசுப் பிறப்புப் பதிவு இல்லை. பல பிரஸ்பிட்டேரியன் சபைகளின் ஏடுகள் 1820க்குப் பிறகே தொடங்குகின்றன. ஊர், மதம், ஆண்டு என்ற மூன்றும் சேர்ந்துதான் எந்த ஆவணம் இருக்கும், எது இருக்காது என்பதை முடிவுசெய்கின்றன.

அரசுப் பதிவுகள்

கத்தோலிக்கர் அல்லாதோரின் திருமணங்கள் 1845 ஏப்ரல் முதலும், எல்லாப் பிறப்பு இறப்பு திருமணங்களும் 1864 ஜனவரி 1 முதலும் அரசால் பதியப்பட்டன. ஐரிஷ் ஜீனியாலஜி என்ற அரசுத் தளத்தில் நூறு ஆண்டு கடந்த பிறப்புகள், 75 ஆண்டு கடந்த திருமணங்கள், 50 ஆண்டு கடந்த இறப்புகள் ஆகியவற்றின் மூல ஏட்டுப் படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. வட அயர்லாந்தின் ஆறு கவுண்டிகளுக்கு 1921 வரையிலான பதிவுகளை இதே தளத்தில் பார்க்கலாம்; அதற்குப் பிந்தியவற்றுக்கு பெல்ஃபாஸ்ட் பதிவு அலுவலகத்தின் கட்டணத் தளத்துக்குப் போக வேண்டும்.

மூன்றில் மிகப் பயனுள்ளது திருமணப் பதிவு. மணமக்கள் இருவரின் தந்தை பெயரும் தொழிலும் அதில் இருக்கும். பிறப்புப் பதிவில் தாயின் கன்னிப் பெயர் இருக்கும். இறப்புப் பதிவில் பெற்றோர் பெயர் இருக்காது, ஆனால் தகவல் சொன்னவர் யார் என்ற கட்டத்தை யாரும் தவறவிடக் கூடாது. மருமகள், பேரன், மைத்துனர் என்று உறவு சொல்லிக் கையெழுத்து இட்டிருப்பார்கள், எழுதத் தெரியாதவர் பெருக்கல் குறி போட்டிருப்பார். பிறந்த தேதியை அப்படியே நம்ப வேண்டாம். காலம் கடந்து பதிந்தால் அபராதம் உண்டு என்பதால் பெற்றோர் தேதியைத் தள்ளிச் சொன்னார்கள். அதனால்தான் பிறப்பதற்கு முன்பே ஞானஸ்நானம் பெற்ற குழந்தைகள் ஏடுகளில் ஏராளம்.

1901, 1911 கணக்கெடுப்புகள்

இவ்விரண்டும் முழுமையாகத் தப்பியவை. தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் இலவசம். விடுதலைப் போர் காரணமாக 1921இல் கணக்கெடுப்பு நடக்கவில்லை. சுதந்திர அரசு 1926 ஏப்ரலில் எடுத்த முதல் கணக்கெடுப்புக்கு உரிய நூறாண்டு மூடுகாலம் 2026 ஏப்ரலோடு முடிகிறது. அது 26 கவுண்டிகளுக்கு மட்டும் உரியது.

குடும்பத் தலைவர் தம் கையால் நிரப்பிய படிவத்தில் பெயர், உறவு, மதம், எழுத்தறிவு, வயது, தொழில், பிறந்த கவுண்டி, ஐரிஷ் மொழி பேசுவாரா என்ற விவரங்கள் இருக்கும். 1911 படிவத்தில் கூடுதலாக, மணமான பெண்ணிடம் திருமணமாகி எத்தனை ஆண்டுகள், எத்தனை குழந்தைகள் பிறந்தன, எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்றும் கேட்டார்கள். ஒன்பது பிறந்து ஆறு உயிரோடு என்று இருந்தால், வீட்டில் இல்லாத பிள்ளைகளையும் இறந்துபோன மூவரையும் பதிவுகளில் தேடலாம். பலர் பார்க்காமல் விடுவது, காவலர் நிரப்பிய வீட்டுப் படிவம்: சுவர் கல்லா மண்ணா, கூரை வைக்கோலா ஓடா, முன்பக்கம் எத்தனை ஜன்னல், எத்தனை அறை, நிலத்தின் உரிமையாளர் யார் என்று அந்தத் தெருவையே அது கண்முன் நிறுத்தும்.

வயதைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 1901இல் 54 என்றிருந்த பாட்டி 1911இல் 70 ஆகியிருப்பதைக் கண்டு வேறொருவர் என்று ஒதுக்கிவிட வேண்டாம். 1908ஆம் ஆண்டின் முதியோர் ஓய்வூதியச் சட்டப்படி, 1909 ஜனவரி முதல் 70 வயது நிரம்பிய ஏழைகளுக்கு வாரம் ஐந்து ஷில்லிங் வரை கிடைத்தது; அதற்காக வயதைக் கூட்டிச் சொன்னவர்கள் உண்டு. 1864க்கு முன் பிறந்தவர்களுக்குப் பிறப்புச் சான்று இல்லாததால், விண்ணப்பித்தவர்களின் பெயர் 1841, 1851 கணக்கெடுப்புகளில் இருக்கிறதா என்று அதிகாரிகள் தேடிப் பார்த்துத் தாளில் எழுதினார்கள். கணக்கெடுப்பு பின்னர் எரிந்தது. அந்தத் தேடல் தாள்கள் எரியவில்லை. அவற்றில் விண்ணப்பித்தவரின் பெற்றோர் பெயரும் 1841 அல்லது 1851இல் குடியிருந்த டவுன்லேண்டும் இருக்கும். காப்பகத் தளத்தில் இதற்கெனத் தனித் தேடுபக்கம் உள்ளது.

திருச்சபை ஏடுகள்

1864க்கு முந்தைய கத்தோலிக்கக் குடும்பத்துக்குப் பங்கு ஏடுதான் உயிர்நாடி. டப்ளின் தேசிய நூலகம் மைக்ரோஃபிலிமில் எடுத்து வைத்திருந்த, ஏறத்தாழ 1880 வரையிலான கத்தோலிக்க ஏடுகளின் படங்களை 2015 ஜூலையில் இணையத்தில் இலவசமாகத் திறந்துவிட்டது. அங்கே பெயர் போட்டுத் தேட முடியாது. பங்கையும் மாதத்தையும் தெரிந்துகொண்டு பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். பெயர்வழித் தேடலுக்கு ஃபைன்ட்மைபாஸ்ட், ஆன்செஸ்ட்ரி, ரூட்ஸ் அயர்லாந்து ஆகிய தளங்கள் உண்டு. அட்டவணை எடுத்தவரின் கண் தவறியிருக்கலாம் என்பதால், அட்டவணையில் இல்லை என்பதை ஏட்டில் இல்லை என்று கொள்ளக் கூடாது. தொடக்க ஆண்டு இடத்துக்கு இடம் மாறும்: கிழக்கு நகரங்களில் பதினெட்டாம் நூற்றாண்டு ஏடுகள் கிடைக்கின்றன, மேற்குக் கரையின் ஏழைப் பங்குகளில் 1820, 1840 என்று தாமதமாகத்தான் தொடங்குகின்றன.

ஏடுகள் பல லத்தீனில் இருக்கும், ஆனால் பெயர்களுக்கு மேல் அதிகம் லத்தீன் தேவைப்படாது. ஜேக்கோபஸ் என்றிருந்தால் ஜேம்ஸ், குலியெல்முஸ் வில்லியம், ஜோஆன்னஸ் ஜான், ஹொனோரா நோரா. ஞானஸ்நான வரியில் குழந்தை, தந்தை, தாய் கன்னிப் பெயருடன், ஞானப்பெற்றோர் இருவர், நல்ல பங்குத்தந்தை என்றால் டவுன்லேண்டும் இருக்கும். ஞானப்பெற்றோர் பெயர்களைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் தாய்மாமன், அத்தை முறையில் இருப்பவர்களே அவர்கள், அடுத்த தலைமுறைக்கு வழிகாட்டுவதும் அவர்கள்தான். திருமணம் பெரும்பாலும் பெண் வீட்டார் பங்கில் நடந்தது. தவக்காலத்தில் திருமணம் நடத்துவதில்லை என்பதால் சாம்பல் புதனுக்கு முந்தைய வாரங்களில் ஏடு நிரம்பி வழியும், முதலில் அங்கே பாருங்கள். கத்தோலிக்க அடக்க ஏடுகள் மிக அரிது.

முதல் மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், இரண்டாமவனுக்கு அம்மாவின் அப்பா பெயர், முதல் மகளுக்கு அம்மாவின் அம்மா பெயர், இரண்டாமவளுக்கு அப்பாவின் அம்மா பெயர் என்ற வழக்கம் பரவலாக இருந்தது. பாட்டன் பெயரைச் சூட்டுவதில் நமக்கு வியப்பில்லை. ஆனால் இதைத் துப்பாகக் கொள்ளலாமே தவிர, சான்றாகக் கொள்ளக் கூடாது. குடும்பப் பெயரின் முன்னே வரும் ஓ, மாக் இரண்டும் ஒரே குடும்பத்தில் ஒரு தலைமுறையில் விழுந்து அடுத்ததில் ஒட்டிக்கொள்ளும். பிரிட்ஜெட் அமெரிக்கா போய் டெலியா ஆவாள். எழுத்துக்கூட்டலைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்களால் அயர்லாந்தில் அதிக தூரம் போக முடியாது.

ஆங்கிலிக்கன் ஏடுகளில் தப்பியவற்றுக்கு டப்ளின் சர்ச்டவுனில் உள்ள ஆர்சிபி என்ற திருச்சபை நூலகத்தையும், பிரஸ்பிட்டேரியன் ஏடுகளுக்கு பெல்ஃபாஸ்டிலுள்ள வட அயர்லாந்துப் பொது ஆவண அலுவலகத்தையும் நாடலாம். குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் எழுதி வைத்ததைப் போல் வேறு யாரும் அங்கே எழுதி வைக்கவில்லை.

கிரிஃபித் மதிப்பீடு

ரிச்சர்ட் கிரிஃபித் தலைமையில் 1847 முதல் 1864 வரை அச்சான இந்த நில வரி மதிப்பீடு, 1845இல் தொடங்கிய பெரும்பஞ்சத்தில் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் இறந்து, அதே அளவினர் நாட்டைவிட்டு வெளியேறிய காலத்தில், எஞ்சியவர்கள் யார் என்று காட்டும் பட்டியல். ஆஸ்க் அபவுட் அயர்லாந்து தளத்தில் வரைபடங்களோடு இலவசமாகக் கிடைக்கிறது. இதில் மனைவி மக்கள் இருக்க மாட்டார்கள். நிலத்தையோ வீட்டையோ வைத்திருந்தவர் மட்டுமே இருப்பார்.

ஒரு வரியை இப்படிப் படிக்க வேண்டும். முதலில் வரும் எண் வரைபடத்தில் அந்த நிலத்தின் எண். அருகிலுள்ள பெரிய எழுத்து நிலம் பல துண்டுகளாக இருப்பதையும், சிறிய எழுத்து வீட்டையும் குறிக்கும். அடுத்து குடியிருப்பவர், அவருக்கு நேரடியாகக் குத்தகைக்கு விட்டவர், வீடு, கொட்டகை, நிலம் என்ற விவரம், பிறகு ஏக்கர், ரூட், பெர்ச் அளவு, இறுதியில் மதிப்பு. நிலமில்லாமல் வீடு மட்டும் என்றிருந்தால் கூலிக் குடும்பம் என்று கொள்ளலாம். ஒரே டவுன்லேண்டில் இரண்டு பேட்ரிக் ரையன் இருந்தால் வேறுபடுத்த தந்தை பெயரையோ பட்டப்பெயரையோ சேர்த்திருப்பார்கள். அதுவே ஒரு தலைமுறையைத் தந்துவிடும்.

இதைவிட நுட்பமானவை, பிறகு ஆண்டுதோறும் திருத்தப்பட்ட மதிப்பீட்டு ஏடுகள். நிலம் கை மாறும்போது பழைய பெயரை அடித்து வண்ண மையில் புதிய பெயரையும் ஆண்டையும் எழுதினார்கள். நம் ஊர்ப் பட்டா மாறுதலைப் போலவே, தந்தை பெயர் அடிபட்டு மகன் பெயர் ஏறிய ஆண்டு, தந்தை இறந்த ஆண்டுக்கோ குடும்பம் கப்பலேறிய ஆண்டுக்கோ அருகில் இருக்கும். வட அயர்லாந்தின் ஏடுகள் பெல்ஃபாஸ்ட் பொது ஆவண அலுவலகத் தளத்தில் இலவசம். மற்றவற்றுக்கு டப்ளினில் டால்டே ஏரன் (Tailte Éireann) என்ற அரசு நில நிறுவனத்தை அணுக வேண்டும்.

கிரிஃபித்துக்கு ஒரு தலைமுறை முன்னே செல்ல, 1823 முதல் 1837 வரை தொகுக்கப்பட்ட தசமபாக வரி ஏடுகள் உண்டு. விவசாய நிலம் வைத்திருந்தவர் பெயர் மட்டும் அவற்றில் இருக்கும். நகரத்தார் இருக்க மாட்டார்கள். அதற்கும் முன்னே 1796ஆம் ஆண்டின், லினன் நூல் தரும் ஆளிச்செடி பயிரிட்டோர் பட்டியல் முக்கியமாக வடக்குப் பகுதிக்கு உதவும்.

சென்னை வழியாக ஒரு பாதை

பரங்கிமலை, பெரம்பூர், போத்தனூர் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் சிலவற்றில் அயர்லாந்துக் குடும்பப் பெயர்கள் வழங்குவதற்குக் காரணம் உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் படைகளில் கணிசமானோர் அயர்லாந்துக்காரர்கள். சென்னையில் உருவான மதராஸ் ஃபியூசிலியர்ஸ் படையே 1881இல் ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸின் முதல் பட்டாளமானது. இப்படிப்பட்ட குடும்பத்தார் சென்னை மாகாணக் கோவில் ஏடுகளிலிருந்து தொடங்க வேண்டும். அவற்றின் நகல்கள் லண்டனுக்கு அனுப்பப்பட்டு, பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா அலுவலக ஆவணங்களில் என்/2 என்ற வரிசையில் உள்ளன. ஃபைன்ட்மைபாஸ்ட் தளத்தில் படங்களாகவும் கிடைக்கின்றன. ஃபிபிஸ் என்ற சங்கத்தின் இலவச அட்டவணையும் உதவும். அங்கே படைவீரர் பெயரும் படைப்பிரிவும் கிடைத்தால், அரசப் படையைச் சேர்ந்தவருக்கு லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் பணிவிலகல் தாள்களைத் தேடலாம். அந்தத் தாள்களில், இன்ன ஊரில் அல்லது அதன் அருகில், இன்ன பேரிஷில், இன்ன கவுண்டியில் பிறந்தவர் என்ற வாசகம் அச்சடித்த வார்ப்பாகவே இருக்கும். அமெரிக்கா சென்ற ஏழைக் குடியானவனைவிட மதராஸுக்கு வந்த சிப்பாயின் சொந்த ஊரைக் கண்டுபிடிப்பது சில நேரங்களில் எளிது.

மரபணுச் சோதனையும் 1800க்கு முந்தைய எல்லையும்

மரபணுச் சோதனை ஆவணத்துக்கு மாற்றாகாது. குடும்பத்தில் உயிரோடிருக்கும் மூத்தவரைச் சோதித்து, பொருந்திவரும் தூரத்து உறவினர்களின் டவுன்லேண்டுகளை ஒப்பிட்டால் ஊரை நெருங்க உதவும், அவ்வளவே. இனக் கலப்பு விழுக்காடு காட்டும் வண்ண வரைபடத்தால் தேடலுக்குப் பெரிய பயன் இல்லை.

எரிந்த காப்பகத்தின் நகல்களையும் குறிப்புகளையும் உலகெங்குமிருந்து திரட்டி, தீயின் நூறாம் ஆண்டையொட்டி 2022 ஜூனில் இணையத்தில் தொடங்கப்பட்ட அயர்லாந்தின் மெய்நிகர் ஆவணக் கருவூலத்தில் முன்னோரின் ஊர்ப்பெயரைப் போட்டுப் பார்க்க வேண்டும். அங்கும் கிடைக்காவிட்டால், சாதாரணக் கத்தோலிக்கக் குத்தகைக் குடும்பத்தின் தொடர்ச்சி பெரும்பாலும் 1800ஐ ஒட்டி அறுந்துபோகும். அதற்கு மேலே ஏற மிஞ்சியிருப்பது நிலக்கிழார்களின் எஸ்டேட் ஆவணங்களும் பத்திரப் பதிவகத்தின் குத்தகைப் பத்திரங்களும்தான். மூன்று பேர் உயிரோடிருக்கும் வரை செல்லும் குத்தகை என்பது அக்காலத்தில் வழக்கம். அந்த மூவராகப் பெரும்பாலும் குடியானவரின் பிள்ளைகளின் பெயரையும் வயதையும் எழுதினார்கள். எந்த நிலக்கிழாரின் ஆவணத்தைத் தேட வேண்டும் என்பது கிரிஃபித் மதிப்பீட்டில் குத்தகைக்கு விட்டவர் என்ற கட்டத்திலேயே இருக்கிறது. அந்தப் பெயரை வைத்து டப்ளின் கில்டேர் தெருவிலுள்ள தேசிய நூலகத்திலும் பெல்ஃபாஸ்ட் பொது ஆவண அலுவலகத்திலும் எஸ்டேட் ஏடுகள் உண்டா என்று கேளுங்கள். தேசிய நூலகத்தில் வம்சாவளி ஆலோசனை கட்டணமின்றிக் கிடைக்கிறது. போகும்போது டவுன்லேண்ட், சிவில் பேரிஷ், கத்தோலிக்கப் பங்கு மூன்றும் எழுதிய அந்தத் தாளோடு, இதுவரை எந்தெந்த ஏட்டில் எந்தெந்த ஆண்டுகளைப் பார்த்தும் கிடைக்கவில்லை என்ற பட்டியலையும் கொண்டுபோனால், ஆலோசகர் அதையே திரும்பத் தேடச் சொல்லாமல் அடுத்த ஏட்டைக் காட்டுவார்.